ஆறு நாற்பது வண்டி

க்ளட்ச் இவ்வளவு லேசாக இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. முப்பத்து நான்கு வருஷமாக இந்த வண்டியின் பின்பக்கத்தை மட்டுமே பார்த்து வயிறெரிந்தவன். டிரைவர் சீட்டில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. மணி ஆறு முப்பத்தெட்டு. தாராபுரம் பஸ் ஸ்டாண்டு. இது பொன்னரளி பஸ், காங்கயம் போகிற ஆறு நாற்பது வண்டி. இதன் முதலாளி அர்த்தநாரி நேற்று மத்தியானம் நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்று சொல்லிக் கட்டிலில் சாய்ந்தவர், எழுந்திருக்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்கிற நான் செங்கோடன் பஸ் முதலாளி நாச்சிமுத்து, அறுபத்தெட்டு வயது, அவருடைய ஜென்ம எதிரி. பெட்டியின் அடியிலிருந்து தேடி எடுத்த காக்கிச் சட்டை அந்துருண்டை வாசம் அடிக்கிறது, மூன்றாவது பட்டன் பூட்டமாட்டேன் என்கிறது. ஹெவி லைசென்ஸை மட்டும் தவறாமல் புதுப்பித்துக்கொண்டே வந்தேன். இந்த வயசுல யாரு உங்களை வண்டி ஓட்டக் கூப்படறாங்க என்று வீட்டில் கேலி. பார்த்துக்கொள்ளட்டும், கூப்பிட்டாகிவிட்டது. சீட்டு எனக்கு ஒரு விரற்கடை தாழ்வு. கண்ணாடிக்குக் கீழே நேற்றைய அரளிச்சரம் வாடிக் கிடக்கிறது, மாற்ற ஆள் இல்லை, நானும் மாற்றவில்லை. என் வண்டி மூலனூரிலிருந்து வந்து ஆறு நாற்பத்து மூன்றுக்கு இந்த ஸ்டாண்டுக்குள் நுழையும், ஆறு நாற்பத்து நாலுக்குக் காங்கயம் கிளம்பும். இந்த நாலு நிமிஷத்துக்காக நானும் அர்த்தநாரியும் ஆர்டிஓ ஆபீசில் எதிரெதிராக உட்கார்ந்து பேசாத பேச்சில்லை. நேரக் காப்பாளரிடம், யார் ஓட்டுகிறார்கள் என்று என் ஆட்களிடம் மூச்சு விடாதே என்று சொல்லிவைத்திருக்கிறேன். கண்டக்டர் திருமூர்த்தி பின்படியில் நின்று டபுள் விசில் கொடுத்தான். கொடுத்தானா, அழுதானா. முதல் கியர் வெண்ணெயில் கத்தி இறங்குவதைப்போல விழுந்தது. ஆறு நாற்பது. சரியாக ஆறு நாற்பது.

நேற்றுச் சாயங்காலம் எழவு வீட்டு வாசலில் பதினோரு வண்டியும் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றின் நெற்றியிலும் கறுப்புத் துணி. முதலாளி போனால் எடுக்கிற வரைக்கும் கம்பெனி வண்டி ஓடாது, அது எங்கள் தொழிலில் வழக்கம், தப்பில்லை. உள்ளே போய் அவரைப் பார்த்தேன். மீசையை யாரோ தப்பாகச் சீவிவிட்டிருந்தார்கள், கீழே தொங்கியது. உயிரோடு இருக்கிறவரை அது ஒருநாளும் தொங்கியதில்லை. நான் குனிந்து இரண்டு பக்கமும் மேலே முறுக்கிவிட்டேன். பெண்டுகள் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பார்க்கட்டும். அதெல்லாம் தாங்கிக்கொண்டேன். வெளியே வந்து, வரிசையில் நாலாவதாக இந்த வண்டி நிற்பதைப் பார்த்தபோதுதான் எனக்குப் பகீரென்றது. வண்டி ஐந்து மாறியிருக்கும், நேரம் மாறியதில்லை. ஏழு முப்பத்திரண்டுக்குக் காங்கயம் சேராத நாள் இரண்டோ மூன்றோ உண்டு. ஆறு நாற்பதுக்குத் தாராபுரத்தில் கிளம்பாத நாள் கிடையாது. புயல் மழையில் ரோட்டில் புளியமரம் விழுந்த அன்றைக்குப் பயணிகளே கோடாலி வாங்கி வெட்டித் தள்ளிவிட்டுப் போனார்கள். சம்சாரம் செத்த அன்றைக்கும் இந்த ஒரு வண்டியை மட்டும் அனுப்பிவிட்டுத்தான் திரும்பி வந்து உட்கார்ந்து அழுதார். கொரோனாவில் நாடே நின்றதே, அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஆனால் அப்போதும் மனுஷன் சும்மா இருந்தாரா? தினம் காலையில் ஆறு நாற்பதுக்கு ஷெட்டில் இந்த வண்டியை ஸ்டார்ட் செய்து, காம்பவுண்டுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி நிறுத்துவாராம். கேள்விப்பட்டதும் எனக்கு வந்ததே கோபம். மறுநாளே என் ஷெட்டில் ஆறு நாற்பத்து நாலுக்கு என் வண்டி ஒரு சுற்றுச் சுற்றியது. ஊரே வாயைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் கிடந்த நாளில் இரண்டு கிழவன்கள் காலி வண்டியைக் காம்பவுண்டுக்குள் ஓட்டிப் போட்டி போட்டோம். இந்தக் கூத்தைச் செய்ய இன்னொருத்தன் பிறந்து வரவேண்டும்.

"கண்ணு, நாளைக்கு ஆறு நாப்பது?" என்று தமயந்தியிடம் கேட்டேன். அவருக்கு ஒரே மகள். இரண்டு வருஷமாக ஆபீசைப் பார்த்துக்கொள்கிறவள். அழுது வீங்கின கண்ணோடு நிமிர்ந்தாள். "எல்லா வண்டியும் நிறுத்தியாச்சுங் பெரீப்பா." "பத்து நிக்கட்டும் சாமி. அது நிக்கப்படாது. உங்கம்மா போன அன்னைக்கே நிக்கலையே." "யாருங் ஓட்டறது? டிரைவருக அத்தனை பேரும் அங்க உக்காந்து அழுதுட்டுக் கெடக்கறாங்க. கை நடுங்கறவங்க கையில நாப்பது உசுரை எப்புடீங் குடுக்கறது?" அப்பன் பேச்சு, அப்படியே அப்பன் பேச்சு. நான் ஓட்டறேன் என்று என் வாய் என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டது. அவள் என்னையே பார்த்தாள். "எங்கப்பா இருந்தா உங்க கையில சாவியக் குடுப்பாருங்களா?" "சத்தியமாக் குடுக்கமாட்டாரு," என்றேன். அத்தனை அழுகைக்கு நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரித்துக்கொண்டே இன்னும் பலமாக அழுதாள். பிறகு எழுந்து போய்ச் சாவியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். கறுப்புத் துணியை நானே அவிழ்த்தேன். பத்து மணிக்கு எடுக்கிறார்கள். அதற்குள் போய்ச் சேர்த்துவிட்டுத் திரும்பிவந்து, ஐயா, உங்கள் வண்டி ஏழு முப்பத்திரண்டுக்குப் போய்ச் சேர்ந்தது என்று அவர் காதோரம் சொல்லவேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியது. ஏழு முப்பத்து மூன்று என்று சொல்ல நேர்ந்தால் அந்த மீசை தானாகவே கீழே தொங்கிவிடும்.

இடது முட்டி இப்போதே முணுமுணுக்கிறது. க்ளட்ச் லேசாக இருந்தும் இப்படி என்றால், என் வண்டி க்ளட்ச்சை மிதிக்கிற மயில்சாமியின் காலைக் கோயில் கட்டித்தான் கும்பிட வேண்டும். திரும்பிப் போனதும் என் வண்டிக்கும் இதேமாதிரி செய்யச் சொல்லவேண்டும், இல்லை, செய்யக் கூடாது, காப்பி அடித்தான் என்று சொல்வார்கள். சொல்வதற்கு யார் இருக்கிறார்கள்? அந்த நினைப்பு வந்ததும் வண்டி ஓரம் போகப் பார்த்தது, திருப்பினேன். காலை வெயில் இன்னும் ஏறவில்லை. கரண்டுக் காற்றாடிகள் மெல்லச் சுற்றுகின்றன. கொப்பரைக் களத்துக்குத் தேங்காய் உடைக்கப் போகிற பெண்டுகள், அரிசி மில்லுக்குப் போகிறவர்கள், இரண்டு வாத்தியார்கள், எல்லாம் எட்டு மணிக்கு வேலை ஏறுகிறவர்கள். பாட்டுப் போடவில்லை. திருமூர்த்தி டிக்கெட் போடுகிறான், சில்லறை கொடுக்கிறான், என் பக்கம் மட்டும் வருவதில்லை. விசிலில் ஒரு வெறுப்பு. இருபத்தாறு வருஷக் கண்டக்டர், விசிலிலேயே திட்டத் தெரியாதா அவனுக்கு. முன்படிக்குப் பக்கத்தில் ஒற்றைச் சீட்டு ஒன்று இருக்கிறது, அர்த்தநாரி தினமும் இந்த வண்டியில் காங்கயம் போவது அதில் உட்கார்ந்துதான். இன்றைக்கு எல்லோரும் அதில் உட்காராமல் சுற்றி நிற்கிறார்கள். ஒரு அம்மாள், களத்து வேலைக்காரி, கையில் சோற்றுத் தூக்குப்போசி, விறுவிறுவென்று வந்து அதில் உட்கார்ந்துவிட்டாள். யாரோ உச்சுக் கொட்டினார்கள். "ஏன், அவரு இருந்தா நீ உக்காரு ஆத்தான்னு எந்திரிச்சுத்தான் குடுப்பாரு," என்றாள். அது நிஜம், ஸ்டாண்டு தாண்டுகிற வரைக்கும்தான் முதலாளி உட்கார்ந்திருப்பார், பிறகு யாருக்காவது எழுந்து கொடுத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார், என் வண்டியிலிருந்து பார்த்திருக்கிறேன், ஓட்டுக் கேட்கப் போகிறாரா என்று கேலியும் பண்ணியிருக்கிறேன். அந்த அம்மாள் என்னைப் பார்த்தாள். "ஏனுங்க, நீங்க செங்கோடன் மொதலாளிதானுங்களே? இனி இந்த வண்டியும் உங்களுதுங்களா? வாங்கறதுக்கு முன்னாடி ஓட்டிப் பாக்கறீங்களாட்ட இருக்குது." வண்டி முழுக்க என் பதிலுக்குக் காத்திருந்தது. பின்னால் டிக்கெட் கிழிக்கிற சத்தம்கூட நின்றுவிட்டது.

ஓ, அதுதானா. விசிலில் இருந்த வெறுப்பு அதுதானா. நேற்று எழவு வீட்டிலேயே இரண்டு பேர் காதோடு பேசிக்கொண்டிருந்தது அதுதானா. பொன்னரளி பர்மிட் பதினொன்றும் நாச்சிமுத்து கைக்குப் போகப்போகிறது, பெண்ணால் முடியாது, விற்றுவிடுவாள், கிழவன் பிணத்தைப் பார்க்க வந்த சாக்கில் வண்டியைப் பார்த்துவிட்டுப் போகிறான். எனக்குக் காது சுட்டது. இந்த ரோட்டில் ஆறு நாற்பதும் என்னது, ஆறு நாற்பத்து நாலும் என்னது என்றால், நான் யாரை முந்துவது? நானே முன்னால் போய் நானே பின்னால் வருவதா? அதற்கு ராட்டினம் வாங்கி விடலாமே. அர்த்தநாரி இல்லாவிட்டால் எனக்கு இத்தனை வண்டி ஏது? அவர் சீட்டு மாற்றினால் நானும் மாற்றினேன், அவர் மழைக்கு ஜன்னலில் கண்ணாடி போட்டால் நானும் போட்டேன், அவர் டிரைவருக்கு முதல் தேதி சம்பளம் என்றால் நான் முப்பதாம் தேதியே என்றேன். இந்த ஜில்லாவில் எவனுக்கு வாய்த்திருக்கிறது இப்படி ஒரு எதிரி? மற்ற ரூட்டில் ஆள் வைத்து டயரைக் கிழித்தார்கள், ஆபீசில் பெட்டிஷன் போட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் ஆர்டிஓ முன்னால் நேருக்கு நேர் பேசியதோடு சரி, மற்றபடி ரோட்டில் மட்டும்தான் மோதினோம், வண்டியை வைத்து மட்டும்தான் மோதினோம். இதெல்லாம் அந்த அம்மாளிடம் சொல்லவா முடியும்? "வாங்கலை ஆத்தா," என்றேன், "ஒரு நடை ஓட்டிக் குடுக்க வந்தேன்." நம்பவில்லை, ஒருத்தரும் நம்பவில்லை. இந்தக் கோபத்தில் இருந்தேனா, கிளுவை வேலியும் மாடு மேய்கிற கொறங்காடும் பக்கத்தில் ஓட ஓட, நாலாவது கியரில் நன்றாக மிதித்துக்கொண்டிருந்தேனா, பின்னால் விசில் காதைக் கிழித்தது. ஒற்றை விசில், மறுபடி ஒற்றை, மறுபடி. பிரேக் போட்டேன். ஆட்கள் முன்னால் சரிந்தார்கள். திருமூர்த்தி முதல் தடவையாக என் பக்கம் வந்தான். "கொறங்காட்டுப் பிரிவுங்," என்றான். "எங்க வண்டி இங்க நிக்குமுங்."

கொறங்காட்டுப் பிரிவு. என் வண்டி அங்கே நிற்காது. ஏறுவது மூணு பேர், அதற்கு ஒரு நிமிஷம் போகும், தேவையில்லை என்று முப்பத்து நான்கு வருஷத்துக்கு முன்னால் முடிவு பண்ணியவன் நானேதான். அந்த இடம் வந்தால் என் கால் தானாக ஆக்சிலேட்டரை அழுத்தும், அடுத்தவர் வண்டி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாலும் அழுத்தும். கண்ணாடியில் பார்த்தால், நூறு கஜம் பின்னால், மூன்று பேர் ஓடி வருகிறார்கள். மூணாவது ஒருத்தி காலை இழுத்து இழுத்து வருகிறாள், இடுப்பில் ஒரு கை, போலியோக் கால். நான் வண்டியை ரிவர்ஸ் எடுத்தேன். மெல்ல, மெல்ல, திருமூர்த்தி பின்படியில் தொங்கிக்கொண்டு வா வா என்று தட்டினான். அவள் ஏறினாள். திட்டவில்லை. "பரவாயில்லைங், புது டிரைவருங்களா?" என்றாள். இந்தப் பெண்ணுக்காகத்தான் அந்த ஒரு நிமிஷமா? இவள் இருபது வருஷமாக இங்கே நின்றுகொண்டு, நாலு நிமிஷம் கழித்து என் வண்டி புழுதியைக் கிளப்பிவிட்டு நிற்காமல் போவதைப் பார்த்திருப்பாள். அர்த்தநாரியை எவ்வளவு பேசியிருக்கிறேன், ஈ காக்கா இல்லாத பிரிவில் வண்டி நிறுத்துகிறவருக்கு எப்போது விடியும் என்று. அவர் ஒரு நிமிஷம் அங்கே நின்றும் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்தார். நான் நிற்காமலே தோற்றேன். அதை இன்றைக்குத்தான் புரிந்துகொள்கிறேன் பாருங்கள், அதுவும் அவர் சீட்டில் உட்கார்ந்துகொண்டு. மணி ஏழு ஐந்து. இந்த இடத்தில் ஏழு மூன்றுதான் ஆகியிருக்க வேண்டும். இரண்டு நிமிஷம் போச்சு, என் புத்தியால் போச்சு.

இரண்டு நிமிஷத்தைப் பிடித்துவிடலாம், ஆனால் அதற்குப் பின்னால் ஒருத்தன் விரட்ட வேண்டும். சைடு கண்ணாடியைப் பார்த்தேன். வெறும் ரோடு. இந்நேரம் மயில்சாமி ஹாரன் அடித்துக்கொண்டு முதுகில் ஏறியிருக்க வேண்டும், கொறங்காட்டில் நான் ரிவர்ஸ் எடுத்த கதைக்கு அவன் முந்தியே போயிருக்க வேண்டும். ஆளைக் காணோம். ஏன் காணோம் என்று எனக்குத் தெரியும். எழவு விழுந்த வண்டியைப் போய் முந்துவதா என்று பயல் மரியாதையாகப் பின்னாலேயே உருட்டிக்கொண்டு வருகிறான். தங்கமான பையன். அவன் மரியாதையில் இடி விழ. இதுவா மரியாதை? வெறும் கண்ணாடி எனக்குப் பிடிக்கவில்லை. பயமாக இருந்தது. அறுபத்தெட்டு வயதில் பின்னால் ஒருத்தரும் வராத ரோட்டில் போவது என்றால் என்ன என்று அப்போது நன்றாகத் தெரிந்தது. இனி எல்லாக் காலையும் இப்படித்தானா? அர்த்தநாரிக்கு இது முன்பே தெரிந்திருக்கிறது. ஊதியூர் வளைவில் என் வண்டி ஆக்சில் போய் மரத்தில் மோதியதே, அந்த வருஷம். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, வண்டி கரூருக்குப் பாடி கட்டப் போனது, இருபது நாள் ஆகும் என்றார்கள், என்னிடம் மாற்று வண்டி இல்லை. மூன்றாம் நாள் காலை என் ஷெட் வாசலில் ஒரு பஸ் வந்து நின்றது. பொன்னரளி ஸ்பேர் வண்டி. பெயருக்கு மேல் சுண்ணாம்பு அடித்து, அதன்மேல் காகிதத்தில் செங்கோடன் என்று எழுதி ஒட்டியிருந்தது, எழுத்துக்கூட அவர் கை எழுத்து. ஆர்டிஓ அனுமதியும் அவரே வாங்கியிருந்தார். கொண்டுவந்த டிரைவர் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னான்: "மொதலாளி சொல்லச் சொன்னாருங். பொறகால உங்க வண்டி வராட்டி எங்களுக்குத் தூக்கம் வந்துருதாமுங்." நான் நன்றி சொல்லி அனுப்பவில்லை. அந்த வண்டியை வைத்தே அந்த இருபது நாளில் ஏழு தடவை அவரை முந்தினேன். அதுதான் நான் சொன்ன நன்றி, அவருக்கு அது போய்ச் சேர்ந்தது. அதற்கப்புறம் ஒரு கல்யாணத்தில் பந்தியில் எதிரே உட்கார்ந்து, "ஏனுங்க செங்கோடனாரே, நம்ம வண்டி நல்லா ஓடுதுங்களாட்டங்க," என்றார். "ஏதோ ஓடுதுங்க பொன்னரளியாரே, க்ளட்ச்தான் கொஞ்சம் மோசமுங்க," என்றேன். பொய். க்ளட்ச் லேசு என்று என் டிரைவர் அன்றைக்கே சொன்னான், இவ்வளவு லேசு என்று நான்தான் நம்பவில்லை.

"திருமூர்த்தி," என்று கூப்பிட்டேன். வந்தான், எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றான். "என்ற வண்டிக் கண்டக்டர் நெம்பர் உன்கிட்ட இருக்குமல்லோ?" "இருக்குதுங்." "போன் போடு. நான் ஓட்டறேன்னு மூச்சு உடாதே. எப்பவும் நீங்க என்ன சொல்லி வம்புக்கு இழுப்பீங்களோ அதையச் சொல்லு." அவனுக்குப் புரியவில்லை. எங்களுக்கு அவர்கள் வைத்த பெயர் பால் வண்டி. நான் பஸ் வாங்குவதற்கு முன்னால் சொசைட்டிக்குப் பால் வண்டி ஓட்டினேன், அதை விட்டுவிட்டு முதல் பஸ்ஸை ஸ்டாண்டுக்குக் கொண்டுவந்த அன்றைக்கு, பால் வண்டிக்காரர் இனி ஜனத்தைக் கேனில் ஊற்றிக் கொண்டுபோவாராட்டம் என்று அர்த்தநாரி எல்லார் காதிலும் விழுகிற மாதிரிச் சொன்னார். அன்று முதல் அவர் ஆட்களுக்கு என் வண்டி பால் வண்டி. என் ஆட்களுக்கு அவர் வண்டி அரளிக்கொட்டை. முதலாளிகள் நாங்கள் இரண்டு பேரும் அதற்குப் பிறகு வாயைத் திறந்து அந்தப் பெயர்களைச் சொன்னதில்லை, எங்களுக்குள் எப்போதும் ங்க போட்டுத்தான் பேச்சு. "உங்க முன்னாடி எப்புடீங்," என்று திருமூர்த்தி இழுத்தான். "அட சொல்லுடா," என்றேன், "அவன் பம்மிப் பம்மி வாறான். உங்க மொதலாளி வண்டி ஒருத்தனும் தொரத்தாம காங்கயம் போறதா? நேத்து வரைக்கும் அப்புடிப் போயிருக்குதா?" கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்த்தேன். ஒரு மாதிரி மாறியது. கண்ணைச் சட்டைக் கையில் துடைத்தான். போனை எடுத்தான். முதலில் குரல் கம்மித்தான் வந்தது, பிறகு வண்டி முழுக்கக் கேட்கிற மாதிரி ஏறியது: "ஏண்டா, எங்க மொதலாளி இல்லைன்னதும் கேனைக் கவுத்திப் போட்டீங்களா? வருதா, இல்லை அங்கயே தயிராப் போச்சா உங்க பால் வண்டி?" களத்து அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது, என் வண்டியைச் சொல்கிறான் பாருங்கள், என் காசில் என் பேரில் ஓடுகிற வண்டியை. அதே சமயம் நெஞ்சு நிறைந்தும் போயிற்று. இரண்டும் ஒன்றாக வரும் என்று எனக்குத் தெரியாது.

ஊதியூர் மலை இடது பக்கம் எழுந்து நின்றது. மூன்று பேர் இறங்கினார்கள், ஐந்து பேர் ஏறினார்கள், திருமூர்த்தியின் டபுள் விசில் இப்போது சுத்தமாக வந்தது, சொல்லப்போனால் எனக்கு முன்னால் அவசரப்பட்டது. வளைவு திரும்பி நேர் ரோட்டுக்கு வந்தேன். கண்ணாடியில் ஒரு புள்ளி. வெளிச்சம் ஒருமுறை அணைந்து எரிந்தது. வா. வா என் ராசா. மயில்சாமி வருகிறான். சிவப்பும் மஞ்சளும் கலந்து, நெற்றியில் வேல் எழுதி, என் வண்டி, முன்னாலிருந்து பார்த்தால் இத்தனை அழகாக இருக்கிறதா? அர்த்தநாரி தினம் இதைத்தான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார். கொடுத்து வைத்தவர். ஹாரன் அடிக்கிறான், மூன்று சுருதியில், நான் பார்த்துப் பார்த்து வாங்கிப் போட்ட ஹாரன், இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டால் காது வலிக்கிறது. ஒதுங்கினால் போய்விடுவான். முப்பத்து நான்கு வருஷமாக என் டிரைவர்களுக்கு நான் சொன்னது ஒரே சொல், ஊதியூருக்கும் காங்கயத்துக்கும் நடுவில் எப்படியாவது முந்து. அவர் தன் டிரைவர்களுக்கு என்ன சொல்லியிருப்பார் என்று எனக்கு இப்போது யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. வேகம் கூட்டாதே, வழியைக் கொடுக்காதே, நிறுத்தத்தில் நேரத்தைத் தின்னாதே, அவ்வளவுதான். முட்டி வலி எங்கே போனதோ தெரியவில்லை. அடுத்த நிறுத்தம் வருவதற்கு முன்பே திருமூர்த்தி இறங்குகிறவர்களைப் படிக்குக் கொண்டுவந்து நிறுத்தினான், ஏறுகிறவர்களுக்குக் கை நீட்டித் தூக்கினான், அரை நிமிஷம் மிச்சம். "வலது பக்கம் பாக்கறானுங்," என்று பின்னாலிருந்து கத்தினான். பார்க்கிறான், எதிரே லாரி, உள்ளே போனான். "இன்னொருக்கா பாக்கறானுங்!" வண்டி முழுக்க ஜன்னலில் தலை நீட்டியது. போலியோக் கால் பெண், விடாதீங்க டிரைவர் என்றாள். விடுவேனா ஆத்தா. என் வண்டி என்னை முந்த நான் விடுவேனா. காங்கயம் ஊருக்குள் நுழைந்தபோது ஏழு இருபத்தொன்பது. ரவுண்டானாவில் மாட்டு வண்டி ஒன்று, அதற்கு வழி விட்டேன், மயில்சாமியும் விட்டுத்தான் ஆகவேண்டும், அவன் என்னுடைய ஆள். ஸ்டாண்டு வளைவில் வண்டியை உள்ளே திருப்பினேன். காங்கயம் ஸ்டாண்டுக் கடிகாரம் ஏழு முப்பத்தொன்றைக் காட்டிக்கொண்டிருந்தது. பொன்னரளி நிற்கிற இடத்தில் வண்டியை நிறுத்தி ஹேண்ட் பிரேக் போட்டபோது முள் நகர்ந்தது. ஏழு முப்பத்திரண்டு, பொன்னரளியாரே. தலைகீழாக நின்றாலும் ஏழு முப்பத்திரண்டு.

இன்ஜினை அணைத்தேன். என் வண்டி புஸ்ஸென்று பக்கத்தில் வந்து நின்றது, நாலு நிமிஷம் முன்னதாகவே வந்துவிட்டது. மயில்சாமி குதித்து இறங்கி, ஏண்டா வழி விடமாட்டியா என்று கேட்கக் கையை ஓங்கிக்கொண்டு வந்தவன், ஜன்னலில் என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றான். முகம் வெளுத்துவிட்டது. "ஐயா... நீங்கன்னு தெரியாமப் போச்சுங். ஹாரனை வேற அடிச்சுத் தொலைச்சனுங்." "நல்லா அடிச்சே," என்றேன். பெண்டுகள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தக் களத்து அம்மாள் இறங்கும்போது ஒற்றைச் சீட்டை முந்தானையால் ஒருமுறை துடைத்துவிட்டுப் போனாள். அப்போது பின்படியில் தொங்கிக்கொண்டிருந்த திருமூர்த்தி, இருபத்தாறு வருஷப் பழக்கம் விடுமா, என்னை மறந்துவிட்டான், எழவை மறந்துவிட்டான், ஸ்டாண்டே அதிரக் கத்தினான்: "பால் வண்டி வந்துருச்சு டோய்!" கத்தியதும் நாக்கைக் கடித்துக்கொண்டான். டீக்கடை, பூக்கடை, வெளியூர் வண்டி டிரைவர்கள், எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நேற்றிலிருந்து வராத அழுகை எனக்கு அப்போது வந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. சாவியை எடுத்துத் திருமூர்த்தியிடம் கொடுத்தேன். "வண்டி இங்கயே நிக்கட்டும். பத்து மணிக்குள்ள இதைத் தமயந்தி கையில குடுக்கோணும். விக்கறாளான்னு ஊர்ல எவனாவது கேட்டா, பால் வண்டிக்காரன் வாங்க மாட்டான்னு சொல்லு. அவனுக்கு முந்தறதுக்கு ஒரு வண்டி வேணுமாம்னு சொல்லு." இறங்கினேன், முட்டி பிடித்துக்கொண்டது, நொண்டிக்கொண்டே நாலு எட்டு வைத்து, தாராபுரம் திரும்புகிற என் வண்டிக்குப் போனேன், என் வண்டிப் படியில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினேன். அங்கிருந்து பார்த்தால் பொன்னரளி வழக்கம்போல முன்னால் நின்றது. முப்பத்து நான்கு வருஷம் மரியாதைக்காக அடக்கி வைத்திருந்ததை, மரியாதைக்காகவே வாய் திறந்து, அடித் தொண்டையிலிருந்து, தாராபுரத்தில் படுத்திருக்கிறவர் காதுக்கும் எட்டட்டும் என்று கத்தினேன்.

"போடா, அரளிக்கொட்டை! நாளைக்கு இருக்குதுடா உனக்கு!"